செங்கோட்டையில் ஒரு வயலின்காரன், பரங்கிமலையில் ஒரு வெனிஸ்காரர்

தில்லி செங்கோட்டைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பார்க்காமலே திரும்பி வருகிற படம் ஒன்று உள்ளே இருக்கிறது. திவான்-இ-ஆம் என்கிற பொது தர்பார் மண்டபத்தில், ஷாஜகான் உட்கார்ந்த பளிங்கு மேடைக்குப் பின்சுவரில், மேலே உச்சியில். கறுப்புக் கல்லில் வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த சின்னப் பலகை. ஒரு இளைஞன் மரத்தடியில் உட்கார்ந்து வயலின் மாதிரி ஒரு வாத்தியத்தை வாசிக்கிறான். சுற்றிலும் மிருகங்கள் சாதுவாகப் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அவன் பெயர் ஆர்ஃபியஸ். கிரேக்கக் கதைகளில் வருகிற பாடகன். அவன் வாசித்தால் காட்டு மிருகங்கள்கூடப் பகையை மறந்து பக்கத்தில் வந்து உட்காருமாம். பலகை செய்யப்பட்ட ஊர் இத்தாலியின் புளோரன்ஸ்.

முகலாயப் பேரரசரின் தலைக்கு மேலே கிரேக்கப் பாட்டுக்காரனுக்கு என்ன வேலை? யார் கொண்டுவந்து வைத்தது? இந்தக் கேள்வியோடு போன டிசம்பரில் என் மாமனாரை அழைத்துக்கொண்டு தில்லியில் ரெண்டு நாள் சுற்றினேன்.

மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆலந்தூர்க்காரர். கோர்ட்டில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "மாப்பிள்ளை, இது பார்த்த சாட்சியா, கேட்ட சாட்சியா?" பேப்பரில் வருகிற செய்திக்கும் இதே கேள்விதான், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நடந்த சண்டைக்கும் இதே கேள்விதான். தில்லியில் கைடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "அவங்க எல்லாம் கேட்ட சாட்சிங்க. வேண்டாம்" என்றுவிட்டார். :-)

அவருக்காகவே ஒரு ஆளை வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அந்த ஆள் செத்து முந்நூறு வருஷம் ஆகிறது. பெயர் நிக்கோலோ மனுச்சி.

நம்ம ஊர்ப் பாடப்புத்தகத்தில் 'இத்தாலியப் பயணி மனுச்சி' என்று ஒரு வரியில் வந்து போவார். வெனிஸ் நகரத்தில் 1638-ல் பிறந்தவர். ஊர் சுற்றும் ஆசையில் 1653-ல், பதினைந்து வயதுகூட சரியாக நிரம்பாத பருவத்தில், ஒரு கப்பலில் ஒளிந்துகொண்டு கிளம்பிவிட்டார். நாடு இழந்து திரிந்துகொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் தூதராக பெல்லமாண்ட் பிரபு என்பவர் அதே கப்பலில் போய்க்கொண்டிருந்தார். பையனைக் கூட வைத்துக்கொண்டார். துருக்கி, பாரசீகம் எல்லாம் கடந்து 1656-ல் சூரத்தில் வந்து இறங்கினார்கள். ஆக்ராவிலிருந்து தில்லிக்கு வரும் வழியில், இன்றைக்கு ஹரியானாவில் இருக்கிற ஹோடல் என்ற ஊரில், கோடை வெயிலில் பெல்லமாண்ட் இறந்துபோனார்.

தெரியாத நாடு, தெரியாத பாஷை, கையில் காசு இல்லை, வயது பதினெட்டு. எஜமானரின் சாமான்களையும் வேறு ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். நியாயம் கேட்கத் தில்லி அரசவைக்கு வந்த பையன், கொஞ்ச நாளில் ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷிகோவின் பீரங்கிப் படையில் மாதம் 80 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டான்.

"வேலை தேடித் தில்லிக்கு வந்த பையன்னு சொல்லுங்க. உங்க கதைதானே?" என்றார் மாமா. எனக்கு பீரங்கி சுடத் தெரியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

மாமாவைக் கிளப்பியது அதற்கு அடுத்த விஷயம். முகலாய அரசியலில் அடிபட்டு, லாகூரில் (படிக்காமலே) வைத்தியராகி, சிவாஜியை எதிர்த்துப் போன ராஜா ஜெய்சிங்கின் படையில் இருந்து, கோவா, கோல்கொண்டா என்று அலைந்த இந்த மனுச்சி, 1686-ல் சென்னைக்கு வந்து ஒரு ஆங்கிலேயரின் விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு செட்டிலாகிவிட்டார். பிற்காலத்தில் புதுச்சேரியிலும் இருந்திருக்கிறார். அவர் குடியிருந்த வீடுகளில் ஒன்று பரங்கிமலையில். ஆலந்தூருக்குப் பக்கத்து ஊர்!

"அடடே, நம்ம ஏரியாக்காரரா!" அதற்கப்புறம் மாமாவுக்கு அவர் 'மனுச்சி' இல்லை, 'நம்மாளு'.

நம்மாளு எழுதியது பெரிய புத்தகம். 'ஸ்டோரியா டோ மோகோர்', அதாவது முகலாயர் வரலாறு. இத்தாலியன், போர்த்துகீசியம், பிரெஞ்சு என்று கையில் கிடைத்த எழுத்தரின் பாஷையில் எல்லாம் சொல்லி எழுதவைத்திருக்கிறார். பாரிசுக்கு அனுப்பிய பிரதியை வைத்து காத்ரூ என்ற பாதிரியார் 1705-ல் தன் பெயரில் ஒரு வரலாறு போட்டுவிட்டார். கடுப்பான மனுச்சி இன்னொரு பிரதியை வெனிசுக்கு அனுப்பினார். முழுசாக அது ஆங்கிலத்தில் வந்தது 1907-08-ல்தான், வில்லியம் இர்வின் மொழிபெயர்ப்பில், நான்கு பாகமாக. அதில் மனுச்சி ஒரு சத்தியம் செய்கிறார்: நான் நேரில் பார்க்காததையோ அனுபவிக்காததையோ எழுதவில்லை என்று. பிரெஞ்சு டாக்டர் பெர்னியர் ஊர்வம்பைக் கேட்டு எழுதுகிறவர் என்று ஒரு குத்தும் விடுகிறார்.

இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கூண்டுல ஏறினவுடனே சத்தியம் பலமா பண்ற சாட்சியை நான் நிறையப் பார்த்திருக்கேன் மாப்பிள்ளை. வாங்க, குறுக்கு விசாரணை பண்ணிடுவோம்."

முதல் இடம் செங்கோட்டை. வயலட் லைன் மெட்ரோவில் லால் கிலா ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே கோட்டை. லாஹோரி கேட் வழியாக நுழைந்து, சத்தா சௌக் கடைகளில் மாமா விலை விசாரித்து ('எல்லாம் பாண்டி பஜார் சாமான்') முடித்து, நௌபத் கானாவைத் தாண்டினால் திவான்-இ-ஆம். இன்றைக்குச் சிவப்புக் கல்லாகத் தெரிகிற அந்தத் தூண்கள் அன்றைக்கு வெள்ளையாக இருந்தன. சங்குச் சுண்ணாம்பு பூசி, தந்தம் மாதிரி வழவழவென்று தேய்த்து, மேலே தங்க வேலை செய்திருந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

மேடைக்குக் கிட்டே போக முடியாது. தடுப்புக்கு இந்தப்புறம் நின்று, மாமா கிரிக்கெட் மேட்சுக்குக் கொண்டுபோகிற பைனாகுலரைக் கண்ணில் வைத்து, ஆர்ஃபியஸைத் தேடிப் பிடித்தோம். பனிமூட்டத்தில் வெளிச்சமே இல்லை. வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்வரை அரை மணி நேரம் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு காத்திருந்ததில் நன்றாகவே தெரிந்தது.

இந்தப் பலகைக்கு ஒரு வழக்கு வரலாறே இருக்கிறது. 1857 கலகத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் கோட்டைக்குள் இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி, பட்டாளத்தைக் குடிவைத்தார்கள். அப்போது ஜான் ஜோன்ஸ் என்ற கேப்டன் இந்தப் பலகைகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டார். மேஜைப் பலகை செய்துகொண்டாராம்! பிறகு 500 பவுனுக்கு இங்கிலாந்து அரசாங்கத்திடமே விற்றுவிட்டார். லண்டன் மியூசியத்தில் இருந்ததை வைஸ்ராய் கர்சன் விடாப்பிடியாக நின்று 1900-களின் தொடக்கத்தில் திரும்பக் கொண்டுவந்தார். உடைந்ததைச் சரிசெய்ய மெனெகாட்டி என்ற கலைஞரைப் புளோரன்ஸிலிருந்தே வரவழைத்தார்கள். 1909-ல் வேலை முடிந்தது.

"திருட்டு சொத்தைத் திருடன்கிட்ட அரசாங்கமே காசு கொடுத்து வாங்கியிருக்கு. வழக்கு நம்பர் போட்டிருக்கணும்" என்றார் மாமா.

சரி, யார் செய்தது? ரொம்ப நாள் சொல்லப்பட்ட கதை, ஆஸ்டின் என்ற பிரெஞ்சு நகைக் கலைஞர் செய்தார், ஆர்ஃபியஸ் படம் அவரே தன்னை வரைந்துகொண்டது என்பது. இதில் ஒரு சின்னச் சிக்கல். கோட்டை வேலை ஆரம்பித்தது 1639-ல், முடிந்தது 1648-ல். ஆஸ்டின் அதற்கு முன்பே, 1632 வாக்கில் இறந்துவிட்டார். கதை சொன்னவர்கள் தேதியைப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர் கை இல்லாமல் இவ்வளவு நேர்த்தி வராது என்ற நினைப்பு அந்த அளவுக்கு. தாஜ்மகாலுக்கும் இப்படி ஒரு வெனிஸ்காரரைத் தேடிப் பிடித்தார்கள். அதையும் இப்போது வரலாற்று அறிஞர்கள் ஏற்பதில்லை.

விடையை ஓரளவு தெளிவாகச் சொன்னவர் ஆஸ்திரியக் கலை வரலாற்று அறிஞர் எப்பா கோக். 1988-ல் இந்த ஒரு சுவரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பலகைகளில் ஒரு பகுதி புளோரன்ஸில் செய்து வந்தது, மிச்சத்தை அதைப் பார்த்து முகலாயக் கைவினைஞர்களே செய்தார்கள் என்று வேலைப்பாட்டையும் கல்லையும் வைத்துக் காட்டினார். புளோரன்ஸில் மெடிசி அரச குடும்பம் 1588-ல் இதற்கென்றே ஒரு பட்டறை வைத்தது. இந்தப் பக்கம் ஆக்ராவில் 'பர்ச்சின் காரி' என்ற கல் பதிக்கும் வேலை ஏற்கெனவே செழித்திருந்தது. ஆக, வாங்கத் தெரிந்த அரசரும் இருந்தார், வாங்கியதைப் பார்த்துப் பக்கத்திலேயே செய்து வைக்கத் தெரிந்த ஆசாரிகளும் இருந்தார்கள்.

ஏன் ஆர்ஃபியஸ்? இதற்கு மாமாவே பதில் சொல்லிவிட்டார். பைனாகுலரை இறக்கிவிட்டு, "புலியும் பசுவும் ஒரே துறையில தண்ணி குடிக்குது. நல்லாட்சின்னு போட்டிருக்கான்" என்றார். கோக் சொல்வதும் கிட்டத்தட்ட இதுவேதான். முகலாய தர்பாரில் அந்தப் படத்தைப் பார்த்தவனுக்குக் கிரேக்கக் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பறவைகளின் பாஷை தெரிந்த, மிருகங்களும் கட்டுப்பட்ட நீதிமான் சுலைமான் நபியின் ஞாபகம் வரும். அந்த சுலைமானின் சிம்மாசனத்தில் இப்போது ஷாஜகான். இதே கோட்டையின் காஸ் மகாலில் பளிங்குத் திரை மேலே ஒரு தராசு செதுக்கியிருக்கிறது, அதுவும் அதே சேதிதான். திருவாரூரில் கன்றுக்கும் தேருக்கும் சொன்ன நீதியை இங்கே வயலினுக்கும் சிங்கத்துக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நீதி சிம்மாசனத்தின் கதை பத்தே வருஷத்தில் என்ன ஆனது என்பதற்குத்தான் நம்மாளு சாட்சி.

1657-ல் ஷாஜகான் நோயில் விழுந்தார். மகன்களுக்குள் சண்டை. 1658 மே மாதம் ஆக்ராவுக்குப் பக்கத்தில் சாமுகர் என்ற இடத்தில் தாராவும் ஔரங்கசீப்பும் மோதினார்கள். மனுச்சி தாராவின் பீரங்கிப் பக்கம் நின்றார். பார்த்த சாட்சி. சண்டை நடுவே தாரா யானையிலிருந்து இறங்கிக் குதிரையில் ஏறினார். அம்பாரி காலியாகத் தெரிந்ததும் இளவரசர் விழுந்துவிட்டார் என்று படை சிதறியது. இது பலரும் சொல்வது. கலிலுல்லா கான் என்ற தளபதி வேண்டுமென்றே இறங்கச் சொல்லித் துரோகம் செய்தார் என்பது மட்டும் மனுச்சியும் பெர்னியரும் சொல்வது.

"இறங்கினது கண்ணுக்குத் தெரியும். காதுல என்ன சொன்னான்னு பீரங்கிக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமா. அதோடு சரி. எனக்குக் குறிப்பெடுக்க வேண்டியிருந்தது.

கோட்டையிலிருந்து வெளியே வந்தால் எதிரே சாந்தினி சௌக். ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1650-ல் அமைத்த கடைவீதி. நடுவே கால்வாய் ஓடியது. 2021-லிருந்து ஃபதேபூரி மசூதிவரை பகலில் மோட்டார் வண்டி கிடையாது என்று விதி. ரிக்‌ஷாவுக்கு ஒதுங்கிக்கொண்டே நடக்கலாம்.

1659 ஆகஸ்ட் கடைசியில், பிடிபட்ட தாராவை இந்தக் கடைவீதி வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அழுக்கான வயசான ஒரு பெண் யானை, மேலே கந்தல் உடையில் தாரா, பக்கத்தில் சின்ன மகன் சிபிர் ஷிகோ. ஜனங்கள் அழுதார்கள், காட்டிக்கொடுத்த மாலிக் ஜீவனைத் திட்டினார்கள், ஆனால் ஒருவர்கூட வாளை எடுக்கவில்லை. இதைக் குதிரைமேல் உட்கார்ந்து நேரில் பார்த்து எழுதியது யார் தெரியுமா? மனுச்சி கேலி செய்த அதே பெர்னியர். தாராவுக்காகப் பக்கர் கோட்டையைக் காத்துக்கொண்டு சிந்துப் பக்கம் போயிருந்தவர் மனுச்சி. மறுநாள் தாரா கொல்லப்பட்டார்.

தாராவின் தலையை ஒரு பெட்டியில் வைத்து, ஆக்ராவில் சிறையிருந்த கிழத் தகப்பனுக்குச் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பினார்கள், ஷாஜகான் திறந்து பார்த்து மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. நாடகம், நாவல் எல்லாவற்றிலும் வரும். அது மனுச்சி சொன்னது. பெட்டி திறந்த அறையில் அவர் இல்லை. எஜமானர் மேல் உயிராக இருந்தவர், ஔரங்கசீப்பிடம் வேலை வேண்டாம் என்று சொன்னவர். துக்கத்தில் கேட்டதை எல்லாம் நம்பியிருக்கிறார்.

சாந்தினி சௌக்கில் மாமா கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "மாப்பிள்ளை, நம்மாளு பொய் சாட்சி இல்ல. தான் நின்ன இடத்துல நிஜம் பேசறார். நிக்காத இடத்துல பாசத்துல பேசறார். ரெண்டும் ஒரே வாக்குமூலத்துல வந்துடுச்சு. பிரிச்சு எடுக்கறதுதான் நம்ம வேலை" என்றார். வரலாறு படிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் நடத்தியதில்லை.

மறுநாள் ஹுமாயூன் சமாதி. 1570 வாக்கில் முடிந்த கட்டடம், 1993-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். பெரிய மேடைமேல் ஏறினால், சுற்றிலும் பளிங்கிலும் கல்லிலும் வரிசை வரிசையாகச் சமாதிகள். மேலேயும் கீழ் அறைகளிலுமாக நூற்றுக்கு மேல். பெரும்பாலானவற்றில் பெயர் கிடையாது. அதில் ஒன்று தாராவுடையது.

இங்கே புதைத்தார்கள் என்பதற்குச் சாட்சி நம்மாளு மட்டும் இல்லை. ஔரங்கசீப்பின் அரசவை வரலாறான ஆலம்கீர்நாமாவே சொல்கிறது. அக்பரின் மகன்கள் முராத், தானியால் புதைக்கப்பட்ட, குவிமாடத்துக்கு அடியில் உள்ள அறையில் என்று அடையாளமும் தருகிறது. கொன்றவர் தரப்பு வாக்குமூலம். அதில் பாசத்துக்கு வாய்ப்பில்லை. 2020-ல் மத்திய கலாசார அமைச்சகம் இந்தச் சமாதியைக் கண்டுபிடிக்க ஏழு பேர் கொண்ட குழுவே போட்டது.

அரசாங்கம் ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? தாரா 1657-ல் காசிப் பண்டிதர்களை வைத்துக்கொண்டு ஐம்பது உபநிஷத்துகளைப் பாரசீகத்தில் கொண்டுவந்தவர். அந்தப் பாரசீகத்திலிருந்து ஆங்கெதில் துபெரோன் 1801-02-ல் லத்தீனில் மொழிபெயர்த்தார். அதைப் படித்துத்தான் ஜெர்மன் தத்துவ ஞானி ஷோபன்ஹவர் உபநிஷத்துகளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். இன்றைக்கு ஆளாளுக்குத் தாராவைச் சொந்தம் கொண்டாட ஆசை. 'நல்ல முஸ்லிம்' என்று ஒரு பக்கம் அளவெடுக்கிறார்கள், 'அவர் மட்டும் ஜெயித்திருந்தால்' என்று இன்னொரு பக்கம் பெருமூச்சு விடுகிறார்கள். சமாதியைக் கண்டுபிடித்தால் கொடி நட வசதி.

நானும் 'ஜெயித்திருந்தால்' கட்சிதான். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "ஜெயிச்சிருந்தா அவரும் தம்பியை என்ன பண்ணியிருப்பாரோ? அந்தக் குடும்பத்துல தோத்தவன் யாரும் ஓய்வூதியம் வாங்கினதில்ல. உபநிஷத் பண்ணிவெச்சிருக்காரே, அதுக்குப் பத்திரம் இருக்கு. அது போதும். நடக்காததுக்கு சாட்சி தேடாதீங்க" என்றார். இந்த வாதம் நிஜாமுதீனில் டீ குடிக்கும்போதும் முடியவில்லை. இன்னமும் போனில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் இந்த வழியில் சுற்றுவதாக இருந்தால் சில குறிப்புகள். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. டிசம்பர், ஜனவரியில் காலைப் பனியில் ஆர்ஃபியஸ் கண்ணில் படமாட்டார், பதினொரு மணிக்கு மேல் போங்கள், பைனாகுலர் அவசியம். சாந்தினி சௌக் முடித்துவிட்டு காஷ்மீரி கேட் பக்கம் தாராவின் நூலகக் கட்டடத்தையும் பாருங்கள். முன்னால் வெள்ளைக்காரர் காலத்துத் தூண்கள், பின்னால் முகலாயர் காலத்துச் சிவப்புக் கல் தூண்கள். 2023-லிருந்து அங்கே பிரிவினை அருங்காட்சியகம் இருக்கிறது. ஹுமாயூன் சமாதிக்குச் சாயங்கால வெயில் நன்றாக இருக்கும். வாசலிலேயே 2024-ல் திறந்த புது மியூசியத்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சென்னைக்காரர்கள் இத்தனை தூரம் வரவேண்டும் என்றுகூட இல்லை. அடுத்த தடவை பரங்கிமலை ஏறும்போது, தாராவின் பீரங்கிப் படையில் நின்ற ஒருவர் வயதான காலத்தில் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்து, ஞாபகம் பாதி வதந்தி பாதியாகத் தில்லியைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.